படகிலிருந்து தவறி விழாதிருக்க



கடல்தொழிலில் நேரும் அபாயங்கள் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன புயலும் பேரலையுமே ஆகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையையும், 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக்கடலைக் கலக்கிய ஒக்கிப் புயலையும் நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப் போன்று பெரியதன்று. காற்றும் மழையும் இல்லாத ஒரு நாளில், நான்கு பேர் ஏறிச் சென்ற சிறு படகிலிருந்து ஒருவர் தவறி நீரில் விழுகின்றார்; படகு கரை திரும்பும்போது மூவரே இருக்கின்றனர். இத்தகைய செய்தி நாளேட்டின் ஒரு மூலையில் நான்கு வரிகளாக வரும். பல வேளைகளில் அந்த நான்கு வரிகளும் வருவதில்லை. ஆயினும் அந்த ஒருவருடைய வீட்டுக்கு அது ஆழிப்பேரலைக்குச் சிறிதும் குறைந்ததன்று.

கடலோரச் சிற்றூர்களில் படகோட்டிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் பணியில் சில ஆண்டுகளைக் கழித்தவன் நான். சோழமண்டலக் கரையிலுள்ள ஓர் ஊரில் வகுப்பு நடந்தபோது, நீரில் மிதக்கச் செய்யும் உயிர்காப்புச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எனக்கு வயது அறுபத்தைந்து. நூறு முறையாவது கடலில் விழுந்திருப்பேன். விழுந்த ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டேன். மீன்குஞ்சுக்கா நீந்தக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்?" என்றார். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். "பெரியவரே, நீங்கள் விழுந்தது எதிலிருந்து?" என்று கேட்டேன். "கட்டுமரத்திலிருந்துதான்" என்றார். "உங்கள் பிள்ளைகள் இப்போது எதில் தொழிலுக்குப் போகிறார்கள்?" என்றேன். "ஃபைபர் படகில்" என்று சொன்னவர், சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் பிறகு உட்கார்ந்தார். அடுத்து நான் கூறப்போவதை அவர் முன்னதாகவே உணர்ந்துகொண்டார் என்றே எண்ணுகின்றேன்.

கட்டுமரம் என்பது இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்த ஒரு தொகுதி. அதற்குப் பக்கச்சுவர் இல்லை, உட்குழிவும் இல்லை. மேல் ஏறும் அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துபோகும். அது கவிழ்ந்தாலும் மூழ்காது. அதன் மேற்பரப்பு நீர்மட்டத்தை ஒட்டியே கிடப்பதால், விழுந்தவன் கையை நீட்டினால் மரம் எட்டும். மார்பை அதன்மேல் கிடத்தி உந்தினால் ஏறிவிடலாம். துடுப்பு வலித்துச் செல்லும் மரம் விழுந்தவனை விட்டு வெகுதூரம் ஓடிவிடுவதும் இல்லை. ஆகவே, கட்டுமரத்து மீனவனுக்குக் கடலில் விழுதல் என்பது, உழவன் வரப்பில் வழுக்கி விழுவதைப் போன்றதே. அதனை அவன் அபாயமாகக் கருதாதது வியப்பன்று.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979ஆம் ஆண்டில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, மணற்கரையில் இறங்கி ஏறத்தக்க எஞ்சின் படகுகளை உருவாக்க முயன்றது. அதன்பின் கண்ணாடி இழையாலான ஃபைபர் படகுகள் நம் கரையெங்கும் பரவின. ஆழிப்பேரலைக்குப் பின்னர் மேலும் பெருகின. அவை மீனவர்க்குச் செய்துள்ள நன்மை பெரிது. கைகள் துடுப்பிலிருந்து விடுதலை பெற்றன, தொலைவும் எட்டியது, பாடும் கூடியது. ஆனால் படகு மாறிய அளவுக்கு நம் பழக்கம் மாறவில்லை. கட்டுமரத்தில் கற்ற தைரியத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஃபைபர் படகில் ஏறினோம். இன்று உயிர்கள் போவது பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையினால்தான் என்பது என் கருத்து.

அந்த வேற்றுமையைச் சற்று விரிவாக நோக்குவோம். ஃபைபர் படகின் பக்கச்சுவர் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. வெளிப்புறம் வழவழப்பானது, பற்றிக்கொள்ளப் பிடி இல்லை. நீரில் இருக்கும்வரை நம் உடலின் சுமையைக் கடல் தாங்குகின்றது. நீரைவிட்டு மேலெழ எழ, அச்சுமை முழுவதும் கைகளுக்கு வருகின்றது. காலூன்றத் தரையில்லாத இடத்தில், நனைந்து களைத்த ஒருவர் தம் உடலைத் தம் கைகளாலேயே சுவருக்கு மேல் தூக்குதல் மிகக் கடினம். படகின் பக்கத்திலேயே மிதந்துகொண்டு, அதில் ஏற இயலாமல் உயிரிழத்தல் நடக்கக்கூடியதே.

அடுத்தது வேகம். படகு மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்தில் அது ஏறத்தாழ 250 மீட்டர் சென்றுவிடும். எஞ்சினின் ஓசையில் கூக்குரல் கேளாது. நீருக்கு மேல் தெரிவது ஒரு தேங்காயளவு தலை மட்டுமே; அதுவும் அலைக்கு அலை மறையும். வலையின் மிதவைகளுக்கு இடையே அதனை இனங்காணுதல் பகலிலேயே அரிது. இரவில் சொல்லவே வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, நீச்சலைப் பற்றி ஒரு சொல். மணிக்கு 2 கடல்மைல் ஓடும் நீரோட்டத்தை எதிர்த்து நெடுநேரம் நீந்தி வெல்லக்கூடியவர் மிகச் சிலரே. மேலும், நம் கடலின் நீர் வெதுவெதுப்பாக இருந்தபோதிலும், உடலின் 37 பாகை வெப்பத்தைவிடக் குளிர்ந்ததே. காற்றைக் காட்டிலும் நீர் பன்மடங்கு விரைவாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பல மணி நேரம் கழியும்போது கைகால்கள் தளரும், சிந்தை மயங்கும். எனவே நீச்சல் என்பது சில நிமிடங்களுக்கான காப்பு. கடலில் ஓர் இரவைக் கடப்பதற்கு அது போதாது.

வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்னும் மூன்று மீன்களின் கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கின்றோம். மீன்பிடிப்போருக்கும் அக்கதை பொருந்தும். ஆகையால் விழாமல் இருப்பது, விழுந்தால் மிதப்பது, மிதப்பவரை மீட்பது என்று மூன்று பகுதிகளாக இதனைக் கூற விரும்புகின்றேன்.

முதலாவது, விழாமல் இருப்பது. எத்தகைய வேளைகளில் மனிதர் விழுகின்றனர் என்று ஆராய்ந்தால், பெரும்பாலும் அவை அன்றாட வேலைகளே. வலையை விடும்போது கயிறு பாம்பைப் போலச் சுருண்டு ஓடுகின்றது. அச்சுருளுக்குள் கால் வைத்து நிற்பவரை அது கணுக்காலைப் பற்றி இழுத்துச் சென்றுவிடும். வலையை வாங்கும்போது எல்லோரும் ஒரே பக்கம் குனிகின்றனர். படகு அப்பக்கம் சாய்கின்றது. கடலடியிலுள்ள பாரில் வலை சிக்கிவிட்டால், அலை எழும்போது படகு எழ இயலாமல் விளிம்பு தாழ்கின்றது. மீனின் வழுவழுப்பும் நீரும் படிந்த தளத்தில் கால் வழுக்குகின்றது. அலை மடியும் இடத்தைக் கடக்கும்போது அணியம் தூக்கியெறியப்படுகின்றது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. அவையடக்கம் கருதி அதனை எவரும் மேடையில் கூறுவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது ஆதலின் நான் கூறுகின்றேன். சிறுநீர் கழிப்பதற்காகப் படகின் விளிம்பில் நின்று, இரு கைகளையும் எதிலும் பற்றாமல் இருக்கும் சில நொடிகளே மிகவும் ஆபத்தானவை. அதிலும் இரவில், மற்றவர் உறங்கும்போது ஓசையின்றி எழுந்து சென்றவர் விழுந்தால், அதனை அறிவார் எவருமில்லை. நீர் இறைக்கும் வாளியைப் படகுக்குள்ளேயே முழங்காலிட்டுப் பயன்படுத்துவதில் எந்த இழிவும் இல்லை.

நிற்கும் மனிதனின் பாரம் உயரத்தில் இருக்கின்றது. அமர்ந்தவனின் பாரம் தாழ்வில் இருக்கின்றது. படகு ஆடும்போது உயரத்திலுள்ள பாரமே முதலில் சரியும். ஆதலால் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்யலாகாது. நின்றுதான் ஆகவேண்டுமெனில் முழங்காலையோ தொடையையோ பக்கச்சுவரில் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். ஒரு கை வேலைக்கு என்றால் மற்றொரு கை படகுக்கு என்பது கப்பலோட்டிகள் பலர் கைக்கொள்ளும் விதி. விடும் கயிற்றைக் கூடையிலோ தனி மூலையிலோ அடுக்கி வைத்து, அதற்கும் மனிதருக்கும் நடுவே இடைவெளி விடவேண்டும். அதனை அறுக்க ஒரு கத்தி எட்டும் தூரத்தில் செருகியிருக்க வேண்டும். படகில் தேங்கும் நீரை அவ்வப்போது இறைத்துவிட வேண்டும். அந்நீர் படகு சாயும் பக்கமே ஓடி, சாய்வை மிகுவிக்கும் தன்மையுடையது. தளர்ந்த கைலி காலைத் தடுக்கும். அரைக்கால் சட்டை நன்று. உறங்குவோர் தளத்தின் அடியில் படுக்க வேண்டுமேயன்றி, விளிம்பிலோ வலைக்குவியலின் மேலோ படுக்கலாகாது. மது அருந்தியவரைப் படகில் ஏற்றாமல் இருப்பது, மற்றவர் அவருக்குச் செய்யும் நட்புக்கடன்.

அமரத்தில் அமர்ந்து எஞ்சினைச் செலுத்துபவருக்குத் தனியாக ஒரு சொல். அவர் விழுந்தால் அவருக்குப் பின்னால் அதனைக் காண எவரும் இல்லை. தனியாகச் சென்றவர் விழுந்தாலோ, படகே அவரை விட்டுவிட்டுப் போய்விடும். வெளிப்பொருத்து எஞ்சின்கள் பலவற்றில், இழுத்தவுடன் எஞ்சினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறு ஒன்று உண்டு. அதன் ஒரு நுனியை மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வது அரை நொடி வேலை. அதனை எஞ்சினிலேயே சுற்றி வைத்துவிடுவோர் பலர். தனியே தொழிலுக்குச் செல்லும் வழக்கமுடையோர் தம்மைப் படகோடு ஒரு கயிற்றால் பிணைத்துக்கொள்வது இன்னும் நலம். அக்கயிறு சுழல்விசிறியை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, விழுந்தால் மிதப்பது. உயிர்காப்புச் சட்டை பல படகுகளில் இருக்கின்றது. ஆனால் அதனை அணிந்தவர்கள் மிகக் குறைவு. அணியத்தில் மூட்டையாகவோ, உறங்குவோருக்குத் தலையணையாகவோ அது கிடக்கின்றது. வேண்டும்போது எடுத்து அணிந்துகொள்வோம் என்கின்றனர். தவறி விழுபவருக்கு அந்த "வேண்டும்போது" என்னும் வேளை வருவதே இல்லை. அவர் நீருக்குள் போனபின், சட்டை படகோடு போய்க்கொண்டிருக்கும்.

வெயிலில் புழுங்குகின்றது, வலை வாங்க இடைஞ்சலாக இருக்கின்றது, கொக்கிகளில் வலைக்கண் மாட்டுகின்றது என்று மீனவர் கூறும் குறைகள் பொய்யல்ல. கப்பல் பயணிகளுக்கென்று செய்த தடித்த சட்டையை அணிந்துகொண்டு வலை வாங்க இயலாதுதான். ஆனால் மெல்லிய நுரைத்தகடு வைத்துத் தைத்த, முன்புறம் கொக்கியின்றி வழவழப்பாக உள்ள வேலைச் சட்டைகளும், நீர் பட்டவுடனோ இழுத்தவுடனோ காற்று நிரம்பும் சட்டைகளும் உள்ளன. இவற்றின் மிதப்புத் திறனை நியூட்டன் என்னும் அலகால் குறிப்பர். 50 என்று குறித்தவை நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகிலிருக்கும் இடத்துக்கு உரியவை. 100 என்பது கரையோர நீருக்கு. 150 என்பது ஆழ்கடலுக்கு. வாங்கும்போது இவ்வெண்ணைப் பார்த்து வாங்குதல் வேண்டும். எதுவாயினும், அணிந்திருக்கும் எளிய சட்டை, அணியாமல் கிடக்கும் உயர்ந்த சட்டையைவிட மேலானது.

சட்டையின்றியே விழுந்துவிட்டால் என்ன செய்வது? படகைத் துரத்தி நீந்தலாகாது. மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானப்படுத்தி, வலிமையைச் சேமிக்க வேண்டும். உடுத்திய துணி நீருக்குள் இருக்கும்வரை நம்மைக் கீழே இழுக்காது. ஆதலால் அதனைக் களைவதில் வலிமையைச் செலவிட வேண்டுவதில்லை. தம் வலையின் மிதவைக் கயிறு அருகில் இருந்தால் அதனைப் பற்றிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். தேடி வருவோர் முதலில் வருமிடம் அதுவே. கழுத்தில் தொங்கும் ஓர் ஊதல், நெடுநேரக் கூக்குரலுக்கு ஈடாகும்.

மூன்றாவது, மீட்பது. ஒருவர் விழுந்ததைக் கண்டவர் முதலில் செய்யவேண்டியது உரக்கக் கூவி அறிவிப்பது. அடுத்து, கைக்கு எட்டிய மிதக்கும் பொருள் எதையும் அவர்பால் எறிய வேண்டும். மூடி இறுகிய 20 லிட்டர் வெற்றுக்கேன் ஒன்று இருவரைத் தாங்கும். பின்னர் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல், விழுந்தவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கையால் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கை இறங்கினால் ஆள் தவறிவிடுவார். அவரைக் காப்பாற்றத் தாமும் குதித்தல் வீரமாகத் தோன்றலாம். பெரும்பாலும் அது தேடவேண்டியவர்களை ஒருவரிலிருந்து இருவராக்குவதே ஆகும்.

படகை மெதுவாக அணுகி, அருகில் சென்றவுடன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அமரத்தின் பக்கம் சுழல்விசிறி இருப்பதால், நடுப்பக்கத்திலேயே ஏற்றவேண்டும். கைகளை மட்டும் பிடித்து இழுக்காமல், இருவர் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்குதல் நன்று. இங்குதான் நூலேணி ஒன்று உயிரைக் காக்கின்றது. கடையில் வாங்க வேண்டுவதில்லை. பழைய கயிற்றில் இரண்டு மூன்று மரப்படிகளைக் கட்டி, அடிப்படியில் வலையின் ஈயக்குண்டுகளைக் கோத்துவிட்டால், அது நீருக்குள் நன்றாக இறங்கி நிற்கும். அதனைப் பக்கச்சுவரில் சுருட்டிக் கட்டி, அதன் இழுகயிறு நீரில் இருப்பவர் கைக்கு எட்டும்படி வெளியே தொங்கவிட்டால், தனியே விழுந்தவர்கூடத் தாமே ஏறலாம். கட்டுமரம் இயல்பாகவே தந்துவந்த வசதியை, இந்த ஏணியால் ஃபைபர் படகுக்கும் நாம் ஓரளவு அளிக்கின்றோம்.

ஏற்றப்பட்டவர் மூச்சின்றி இருந்தால், நீரைக் கக்கவைக்க வயிற்றை அழுத்துவதும் தலைகீழாகப் பிடிப்பதும் கூடா. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதனை ஒவ்வொரு படகிலும் ஒருவரேனும் கற்றிருத்தல் அவசியம். நன்றாகத் தேறியவர்போலத் தோன்றினாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நுரையீரலுக்குள் சென்ற நீர் சில மணி நேரம் கழித்தும் தீங்கு செய்யும். ஆளைக் காணவில்லையெனில், தாமே தேடிப் பொழுதைக் கழிக்காமல், கம்பியில்லாக் கருவியின் 16ஆம் அலைவரிசையிலோ, கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணிலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் நடைமுறைக்கு வருமா என்று சிலர் ஐயுறலாம். நம்மினும் கொடிய கடலை உடைய நாடு ஐஸ்லாந்து. அங்கு கடல் குளிர்ந்தது. விழுந்தவர் உயிர்தப்பும் நேரம் மிகக் குறைவு. மீன்பிடிப்பையே பெருந்தொழிலாகக் கொண்ட அச்சிறு நாட்டில் ஆண்டுதோறும் கடலோடிகள் பலர் மாண்டு வந்தனர். 1985ஆம் ஆண்டில் அங்கே கடலோடிகளுக்கென்று ஒரு பாதுகாப்புப் பயிற்சிப் பள்ளியை நிறுவினர். கப்பல் ஒன்றையே பள்ளியாக்கித் துறைமுகந்தோறும் கொண்டு சென்றனர். 2008ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடலோடி ஒருவர்கூடப் பணியில் உயிரிழக்கவில்லை. கடல் மாறவில்லை, அதில் தொழில் செய்யும் முறை மாறியது.

நம்மிடையே இன்னொரு துயரமும் உண்டு. விழுந்தவர் உடல் கிடைக்காவிடில், அவர் இறந்தார் என்று அனுமானிக்கப் பொதுவாக ஏழாண்டுகள் கழியவேண்டும் என்பது சட்டம். அரசு இடையில் தனி ஆணை பிறப்பித்து உதவினாலொழிய, இழப்பீடு, காப்பீடு யாவும் அதுவரை தடைப்படலாம். அதனினும் கொடியது, அந்த வீட்டுப் பெண்ணின் நிலை. எனக்கு அறிமுகமான ஓர் அம்மையார், கணவர் போய் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் நெற்றிப்பொட்டை அழிக்கவில்லை. "வைத்திருந்தாலும் ஊர் பேசுகிறது, அழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் யார் என்று யாராவது சொன்னால் தேவலை" என்றார். அவருக்குக் கூறத்தக்க விடை என்னிடம் இல்லை.

ஆகையால் இப்பேச்சின் இறுதியில் கடலுக்குச் செல்வோரை மட்டுமன்றி, அவர்களை அனுப்பிவைக்கும் தாய்மார்களையும் சகோதரிகளையும் வேண்டிக்கொள்கின்றேன். சோற்றுப் பாத்திரமும் தண்ணீர்க்கேனும் படகில் ஏறிவிட்டனவா என்று நாள்தோறும் பார்க்கின்றீர்கள். சட்டை உடம்பில் இருக்கின்றதா, ஏணி பக்கத்தில் கட்டியிருக்கின்றதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அதிகாரிகள் சொல்லிக் கேளாதவர்களும், வீட்டுச் சிறுமி சட்டையை எடுத்துவந்து, "அப்பா, இதைப் போட்டுக்கொண்டு போங்கள்" என்று நீட்டினால் மறுக்கமாட்டார்கள் என்பதை நான் பல கரைகளில் கண்டிருக்கின்றேன். நாளை விடியற்காலையிலேயே இதனைத் தொடங்கலாம்.